எண் மாறாத வினைகள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அத்தை மகனுக்கு என்னைக் கட்டிக்கொடுக்கவில்லை. அவன் ப்ளஸ் டூ வேதியியலில் பாஸ் பண்ணினால் கொடுப்பதாகப் பேச்சு. பாஸ் பண்ணினான். கொடுக்கவில்லை. இதை ஒளித்துவைத்துக் கடைசியில் சொல்லி யாரையும் திகைக்கவைக்கும் ஆசை எனக்கு இல்லை. எங்கள் சொந்தத்தில் இப்படிப் பேசி நின்றுபோன கல்யாணங்களை எண்ண ஆரம்பித்தால் ஒரு மத்தியானம் போய்விடும். அந்தப் பாஸுக்காக நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து என்ன படித்தோம், படித்ததை அவன் கடைசியில் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினான் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன்.

இப்போது ராணிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறேன். வருடா வருடம் ஆக்சிஜனேற்ற எண் பாடம் வரும். வேண்டாம் என்று தாண்டிப்போக முடியாது, பரீட்சையில் கேட்பார்கள். பாடம் ரொம்ப எளிது. ஒரு வினை எந்த வகை என்று கண்டுபிடிக்க, வினைக்கு முன்னால் இருக்கிற ஒவ்வொரு அணுவுக்கும் ஓர் எண் போட வேண்டும். தனியாக இருக்கிற தனிமத்துக்குச் சுழி. சேர்மத்துக்குள் ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் மைனஸ் இரண்டு, ஹைட்ரஜனுக்குப் பெரும்பாலும் ப்ளஸ் ஒன்று. சேர்மத்தில் எல்லாவற்றையும் கூட்டினால் சுழி வர வேண்டும், அதை வைத்து மற்றவற்றின் எண் தெரிந்துவிடும். வினைக்குப் பின்னாலும் இதே மாதிரி போட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு எண் ஏறியிருந்தால் அது ஆக்சிஜனேற்றம் அடைந்தது, இறங்கியிருந்தால் ஒடுக்கம் அடைந்தது. ஒன்று இறங்காமல் இன்னொன்று ஏறாது. எதற்குமே மாறவில்லை என்றால் அது வேறு வகை வினை. அவ்வளவுதான். புகை வந்ததா, பொங்கியதா, நிறம் மாறியதா, கை சுட்டதா என்பதெல்லாம் கணக்கில் சேராது.

கண்ணால் பார்ப்பது கணக்கில் சேராது என்பதுதான் அவனுக்கு இறங்கவே இல்லை.

எண்பத்தொன்பதில் நாங்கள் இரண்டு பேரும் ப்ளஸ் டூ எழுதினோம். ஒரே வயது, ஒரே பரீட்சை, வேறு வேறு பள்ளிக்கூடம். நான் பாஸ். அவன் மற்ற எல்லாவற்றிலும் தேறி வேதியியலில் மட்டும் போய்விட்டான். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனதும் அந்த வருடம்தான். தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவுக்குப் புது மாவட்டத்தின் தயவில் பதவி உயர்வு வந்தது. அதே வருடம் அத்தையின் வீட்டுக்காரர், அவன் அப்பா, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த கொல்லையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவன் பரீட்சையைத் திரும்ப எழுதுவதை விட்டுவிட்டுத் தேரடி வீதிப் பக்கம் ஒரு பாத்திரக்கடையில் சேர்ந்தான். கடைக்குப் பின்னால் பாலிஷ் போடும் இடம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் மடம், சத்திரம், வீடு என்று ஊரில் இருக்கிற குத்துவிளக்கு, குடம், அண்டா எல்லாம் அங்கே வந்து குவியும். புளி, செங்கல்பொடி, ரொம்பக் கறுத்திருந்தால் கொஞ்சம் ஆசிட். அவன் விரல் இடுக்கெல்லாம் பச்சைக் கறையாக இருக்கும்.

நான் உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியல் சேர்ந்தேன். பஸ்ஸ்டாண்டுக்குப் போகிற வழி கடையைத் தாண்டித்தான். அவன் பின்பக்கம் இருந்து எட்டிப்பார்த்து, "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கி எத்த வெடிக்க வெச்சீங்க?" என்பான். நான் பேர் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவேன். கல்யாணம் ஆனால் மாமா என்று கூப்பிட வேண்டிவரும் என்று அம்மா கிண்டல் செய்வாள், எனக்கு அதை நினைத்தாலே சிரிப்பு வரும். காதல் என்று அதற்குப் பெயர் வைக்கத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே இவன்தான் என்று எல்லோரும் சொல்லி, நானும் இவன்தான் என்று இருந்தேன். கொஞ்சம் வளர்ந்த பிறகு, யாரும் சொல்லாவிட்டாலும் இவனாகத்தான் இருந்திருப்பான் என்று தெரிந்தது. அதற்குமேல் அதை விளக்க எனக்கு வராது.

நான் பி.எஸ்ஸி. முடித்த கோடையில் அத்தை தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், எனக்கு ஒரு புடவை. அப்பா புடவையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாக்கீது," என்றார். அப்புறம் சொன்னார்: "பையன் ப்ளஸ் டூவாவது முடிக்கட்டும். ஆபீஸ்ல நாலு பேரு மாப்பிள்ளை இன்னா படிச்சிருக்காருன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்றது? ஒரு பேப்பர்தான? எழுதி பாஸ் பண்ணட்டும். மத்தத அப்புறம் பேசிக்கலாம்."

அத்தைக்கு அது சம்மதம் என்றே காதில் விழுந்தது. எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் விழுந்தது. அப்பா பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அன்றைக்கு அவர் அதை மனதார நினைத்துத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அவர்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியாமல் போனது.

ஆனால் பரீட்சை செப்டம்பரில்தான். ரிசல்ட் வர இன்னும் ஆகும். அதற்குள் அப்பாவின் ஆபீஸ் சிநேகிதர்கள் ஜாதகம் கொண்டுவர ஆரம்பித்திருந்தார்கள். அவன்தான் யோசனை சொன்னான். "நீ மேல படி. எம்.எஸ்ஸி. சேந்துடு. நீ படிக்கிற வரைக்கும் மாமா வேற எடம் பாக்கமாட்டாரு. ரெண்டு வருசம் கெடைக்கும். அதுக்குள்ள நான் தேறிடுவேன்."

எனக்கு மேலே படிக்கும் ஆசை பெரிதாக இருந்ததில்லை. அவனுக்காகத்தான் வேலூரில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் எம்.எஸ்ஸி. படிக்கிறாள் என்று பால்காரரிடம்கூடச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் அவரை ஏமாற்றிவிட்டதாகச் சந்தோஷப்பட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலிலிருந்து வருவேன். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் உட்கார்ந்து பாடம். அம்மா கீழே துணி துவைத்துக்கொண்டே காது கொடுத்துக்கொண்டிருப்பாள். வேதியியலில் மற்ற பாடங்களை அவன் எப்படியோ தேற்றிவிடுவான். கரிம வேதியியலை மனப்பாடம் செய்தான். கணக்குகள் போட்டான். வினைகளை வகைப்படுத்துக என்று கேட்கும் இடத்தில் மட்டும் நின்றுவிடுவான். எண்ணைப் போடச் சொன்னால் சரியாகப் போடுவான். அப்புறம் அந்த எண்களை ஓரமாக வைத்துவிட்டுத் தனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்வான்.

முதலில் சுண்ணாம்பில் சண்டை வந்தது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று வெள்ளையடித்த வீட்டில் இருந்த எவருக்கும் தெரியும். கொதிக்கும், பொங்கும், வெடிக்கும், கல் பொடியாகிவிடும். அவன் முழங்கையில் சின்ன வயதில் அப்படிக் கொப்பளித்த தழும்பு இருந்தது. நான் எழுதிக் காட்டினேன். கால்சியம் முன்னாலும் ப்ளஸ் இரண்டு, பின்னாலும் ப்ளஸ் இரண்டு. ஆக்சிஜன் மைனஸ் இரண்டு, ஹைட்ரஜன் ப்ளஸ் ஒன்று, எதுவும் மாறவில்லை. இது ஏற்ற ஒடுக்க வினை இல்லை.

"ஒண்ணும் மாறலியா? கையே வெந்து போச்சு."

"கை வேகறது வேற. எண்ணு மாறல."

"கல்லு பொடியாச்சு. தண்ணி ஆவியாச்சு. எனக்கு மூணு நாள் ஜுரம். இதுக்கு உங்க பொஸ்தவத்துல ஒண்ணும் மாறலன்னு பேரு."

"அந்த வகையில மாறலன்னு பேரு."

"நல்லா வகை பிரிச்சாங்க போ," என்று எழுந்து மாடிக்குப் போய்விட்டான். மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, அடுத்த வினையைக் காட்டச் சொன்னான். துத்தநாகத்தை மயில்துத்தக் கரைசலில் போடுவதைக் காட்டினேன். துத்தநாகம் சுழியிலிருந்து ப்ளஸ் இரண்டுக்கு ஏறிக் கரைந்துபோகும், செம்பு ப்ளஸ் இரண்டிலிருந்து சுழிக்கு இறங்கி அடியில் செம்பாகவே படியும். இது அவனுக்கு உடனே புரிந்தது. கண்ணுக்கும் தெரிகிறது, எண்ணும் மாறுகிறது. இப்படிக் கண்ணும் எண்ணும் ஒத்துப்போகிற வினைகளில் அவன் ஒருபோதும் தப்புச் செய்ததில்லை.

செப்டம்பர் பரீட்சையில் போய்விட்டது. கொஞ்சம் மார்க்கில்தான். என்ன எழுதினாய் என்று கேட்டேன். ஒடுக்க வினைக்கு ஓர் உதாரணம் தருக என்று வந்திருந்ததாம். ஆக்சிஜனை நீக்குவது ஒடுக்கம் என்று புத்தகத்தில் பழைய விளக்கம் ஒன்று இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு, கறுத்த பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கினால் ஆக்சிஜன் போய்ச் செம்பு திரும்ப வருகிறது, ஆகவே இது ஒடுக்கம் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். துலக்கும் முறையோடு. செங்கல்பொடியை எப்போது போட வேண்டும் என்பதுவரைக்கும்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தமிழ்நாட்டில் வேதியியல் பரீட்சைத் தாளில் பாத்திரம் துலக்கும் பக்குவம் எழுதியவன் இவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பித்தளையில் பெரும்பங்கு செம்புதான், கறுப்பாக இருப்பது அந்தச் செம்பின் ஆக்சைடு. அதில் செம்பு ப்ளஸ் இரண்டு. புளியில் இருக்கிற அமிலம் அதைக் கரைக்கிறது. கரைந்த பிறகும் செம்பு அதே ப்ளஸ் இரண்டுதான். ஆக்சிஜன் தண்ணீராகப் போய்விட்டது, சரி. ஆனால் செம்புக்கு எண் இறங்கவில்லை. அது செம்பாகத் திரும்பிவரவில்லை. புளித்தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது.

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "அப்போ பளபளன்னு தெரியறது இன்னாது?"

"அது அடியில இருந்தது. அது கறுக்கவே இல்ல. மேல இருந்தத நீ எடுத்துட்ட, அடியில இருக்கறது தெரியுது."

"கறுத்தது நல்லாவல?"

"இல்ல. கறுத்தது போயிடுச்சு."

"அப்போ நான் தொலக்கத் தொலக்க கொடம் கொறையுதா?"

"கொஞ்சம் கொறையும்."

"வருசா வருசம் கொண்டாந்து குடுக்கறாங்களே, நல்லா பண்ணி குடுப்பான்னு. அது கொறைஞ்சுகினே போவுதா?"

ஆமாம் என்றேன். அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் ஏதோ அவனைத் திருடன் என்று சொல்லிவிட்டது போல என்னைப் பார்த்தான். "நீ படிச்சது பொய்யின்னு சொல்லல," என்றான். "ஆனா நான் கண்ணால பாக்கறேன். கறுப்பா வருது, மஞ்சளா போவுது. அது திரும்பி வருது. வரலன்னா இன்னாத்துக்கு அந்த வேல?" அன்றைக்குப் பாடம் அதோடு நின்றது. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, அவன் குடிக்காமல் போனதற்கு என்னைத் திட்டினாள்.

எனக்குக் கோபம் வந்தது என்பது உண்மை. ஒரு வரி. அதை ஒத்துக்கொண்டு எழுதிவிட்டால் பாஸ், பாஸானால் கல்யாணம். இவன் குடத்துக்காக வாதாடிக்கொண்டிருக்கிறானே என்று ஹாஸ்டலில் தோழிகளிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் அவன் அப்படி இருந்ததால்தான் எனக்கு அவனைப் பிடித்திருந்தது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் அப்பா சொல்வதை அப்பா சொல்வதற்கு முன்னாலேயே ஒத்துக்கொள்ளும் குடும்பம் எங்களுடையது. அச்சில் இருப்பதையே நம்பமாட்டேன் என்று ஒருவன் என் எதிரில் உட்கார்ந்து சொன்னது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

மார்ச்சில் எழுதினான், போனது. திரும்ப செப்டம்பர், அதுவும் போனது. தனித்தேர்வர்களின் எண்களைப் பேப்பரில் போடுவார்கள். அவன் கடை வேலையை விட்டு வெளியே வரமாட்டான், நான்தான் பார்ப்பேன். இல்லாத எண்ணைத் தேடுவது எப்படி என்று அந்தக் காலத்தில் நன்றாகப் பழகிவிட்டேன். நேராக அந்த இடத்துக்குப் போய், முன் எண்ணையும் பின் எண்ணையும் பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்துவிடுவேன்.

இதற்கிடையில் மற்ற காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. அப்பா வேங்கிக்காலில் மனை வாங்கினார், வீடு எழும்பியது. நான் முதல் வருடம் நல்ல மார்க் வாங்கினேன். கெட்ட மார்க் வாங்கியிருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை. அத்தை வீட்டில் ஒரு வருடம் மல்லாட்டை பூச்சி விழுந்து போனது. அவன் கடை முதலாளியின் மகன் முன்பக்கத்தை எவர்சில்வருக்கு மாற்றினான். ஒரே இடத்திலிருந்து கிளம்பிய நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு விலகிவிட்டோம் என்று யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை ஊருக்கே தெரிந்து, சொல்லவேண்டாம் என்று விட்டிருப்பார்கள்.

தொண்ணூற்று நான்கு மார்ச்சில் எழுதியது பாஸாகிவிட்டது. எனக்கு எம்.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த நேரம். பேப்பரில் எண்ணைப் பார்த்தேன். ஒரு முறை பார்த்தும் நம்பாமல் அம்மாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். செருப்புப் போடாமல் கடைக்கு ஓடினேன், அந்த வெயிலில். அவன் பெரிய அண்டா ஒன்றுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"அந்தக் கேள்வி வந்துதா?" என்றேன்.

"வந்துது. சுண்ணாம்பே வந்துது. எண்ணு மாறல, ஏற்ற ஒடுக்க வினை அல்லன்னு எழுதிட்டேன்."

"புரிஞ்சுதா?"

"புரியல. நீ சொன்னத எழுதிட்டேன். எவ்ளோ நாள்தான் நானும் நின்னுகினே இருக்கறது?"

நான் அதைக் கேட்டு வருத்தப்படவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் சட்டை மாற்றிக்கொண்டு, பத்து விரலையும் எலுமிச்சம்பழத்தால் தேய்த்துக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தான். அப்பா எழுந்து கை கொடுத்தார். உட்காரச் சொன்னார். அம்மாவைக் கேசரி செய்யச் சொன்னார். எல்லாம் முறையாகத்தான் நடந்தது. "இத்தோட விட்டுடாத. தபால்ல பி.ஏ. சேரு. கடையில ஜாஸ்தி நாள் இருக்காத," என்று நல்ல புத்தியாகச் சொன்னார். கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை. கேசரி சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான்.

நான்தான் கேட்டேன். அப்பாவிடம் நேருக்கு நேர் நின்று கேட்ட முதல் கேள்வி அது. "நீங்க சொன்னது நடந்துடுச்சு இல்ல?"

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அப்போ நீ பி.எஸ்ஸி. அவன் ப்ளஸ் டூ ஆயிட்டா சமாளிக்கலாம்னு நெனச்சேன். இப்போ நீ எம்.எஸ்ஸி. நான் ஒண்ணும் வார்த்த மாறல. நீதான் ஏறிட்ட," என்றார். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கெமிஸ்டாக இருக்கும் ஒருவரின் ஜாதகம் பொருந்தியிருப்பதையும், அவர்கள் எம்.எஸ்ஸி. பெண்தான் வேண்டும் என்று கேட்டதையும் அப்போதுதான் சொன்னார்.

நாங்கள் நேரம் சம்பாதிக்கப் போட்ட திட்டமே எங்களுக்கு எதிராகப் போய் நின்றுவிட்டது. அவன் தேறுவதற்காக நான் படித்தேன். நான் படித்ததால் அவன் தேறியது போதாமல் போனது. அப்பா ஒரு துளிகூட அநியாயமாகப் பேசவில்லை என்பதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். அம்மா என் பக்கம்தான், ஆனால் அம்மாவின் பக்கம் என்று அந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. தை மாதம் தேதி குறித்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. எங்கள் சொந்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பையன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுத்தால், தாலி கட்டுவதற்கு முன்னால் அவனைச் சபையில் உட்காரவைத்து, தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்து, உனக்குச் சம்மதமா என்று கேட்பார்கள். அவன் தட்டை வாங்கிக்கொண்டால் மேலே நடக்கலாம். வாங்காவிட்டால் பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும், பேசி முடிக்காமல் தாலி ஏறாது. அப்படி வாங்காமல் எழுந்து போய், முகூர்த்தம் தவறி, அவனுக்கே கட்டிவைத்த கதை எங்கள் சித்தப்பா வீட்டில் உண்டு. மற்றவர்களுக்கு அது ஒரு சடங்கு. எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

பத்திரிகை கொடுக்கும் சாக்கில் கடைக்குப் போனேன். அம்மா முன்பக்கம் முதலாளியம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். பின்பக்கம் போய் அவனிடம் சொன்னேன். "வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு. போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன். எல்லார் எதிர்லயும் நானும் எழுந்து வந்து நிக்கறேன்."

அவன் கையில் புளிச்சக்கை இருந்தது. பத்திரிகையை வாங்க முடியாமல், பக்கத்தில் வைக்கச் சொன்னான். "கெமிஸ்டா அவரு?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எவ்ளோ படிச்சிருக்காரு?" சொன்னேன். தலையை ஆட்டினான். "நீ ஒண்ணும் யோசிக்காத. நான் சரியா சொல்றேன்," என்றான்.

அதை நான் வாக்காக எடுத்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு முந்தின நாள் எல்லோரும் அழுதபோது நான் அழவில்லை என்று பெரியம்மா ஆச்சரியப்பட்டாள். நான் எதற்கு அழ வேண்டும்? எத்தனை வருடமாக அவனைத் தெரியும். ஒரு குடம் குறைகிறது என்பதைக்கூட ஒத்துக்கொள்ளாதவன்.

முகூர்த்தம் காலையில். மண்டபத்தில் மணப்பெண் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அலங்காரம் செய்ய ஒரு பார்லர் பெண் வந்திருந்தாள், வேலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. அறைக்கதவு திறந்துதான் இருந்தது. மணமேடை தெரியாது, சத்தம் எல்லாம் கேட்கும். மேளத்தை நிறுத்தச் சொன்னார்கள். அவனைக் கூப்பிட்டு உட்காரவைப்பது கேட்டது. யாரோ, "கொஞ்சம் நகுந்து உக்காருங்க," என்றார்கள். சொந்தத்தில் மூத்தவர் ஒருவர் தட்டை நீட்டியிருக்க வேண்டும். "முறைக்காரன் நீ. பொண்ண வெளியில குடுக்கறோம். உனக்கு சம்மதமா, சொல்லுப்பா," என்றார்.

என் காலில் மெட்டி போட வைத்திருந்த மணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்க வேண்டும் என்பதற்காகப் புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

"சம்மதந்தாங்க," என்றான்.

அதோடு விட்டிருந்தால் பயந்துவிட்டான், அல்லது அத்தைக்காகச் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். அவன் விடவில்லை. நிதானமாக, வாத்தியார் எதிரில் விடை சொல்வதைப் போல, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "மொதல்ல எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துது. அப்புறம் ரெண்டு பக்கமும் வெச்சு பாத்தேன். அது எம்.எஸ்ஸி. அவரு கெமிஸ்ட்டு. நான் ப்ளஸ் டூ. கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சாலும், கணக்குப்படி இதான் சரி மாமா. இதுல தப்பு ஒண்ணும் இல்ல."

"படிச்ச புள்ள, எவ்ளோ அழகா சொல்றான் பாரு," என்று அப்பா சொன்னது கேட்டது. அவனைப் படித்தவன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

தப்பு என்று கத்த வாயைத் திறந்தேன். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது இதற்கு இல்லை, நீ கண்ணால் பார்த்ததுதான் சரி, அது திரும்பி வரும் என்று நீ சொன்னதுதான் சரி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வதற்காகத் திறந்தேன். வெளியே மேளத்தை மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

பார்லர் பெண் என் உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "வாய மூடுங்கக்கா, கலைஞ்சிடும்," என்றாள்.

மூடிக்கொண்டேன்.